ஒரு நாள் முன்னால் சாப்பிட்டுப் போனவள்

தகர மூடியின் மேல் தணல் கரியை அள்ளிக் கொட்டினால் ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள், பாதி மழை மாதிரி, பாதி யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி. போன வாரம் இங்கே மலேசியாவில், ஈப்போவில், எங்கள் வீட்டுச் சந்தில் குச்சியில் குத்திச் சாத்தே கறி சுடுகிறவர் பழைய தணலைத் தகர டின்னில் தட்டினார், நான் கையிலிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டேன். என்னக்கா ஆச்சு என்றாள் தங்கை வசந்தி. ஒன்றுமில்லை என்றேன். ஆம்பூரிலிருந்து திரும்பியதிலிருந்து ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதைச் சொல்கிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், அதுவும் தெரியும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பாதி ஆயுள் அடுத்தவர் பிரேக்கை நம்பாமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கழிந்திருக்கிறது. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பின்னால் வருகிறவனைப் பார், பக்கத்தில் வருகிறவனைப் பார், எவனையும் நம்பாதே என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து காத்து கருப்பை நம்பினால் நன்றாகவா இருக்கும்.

ஊரில் எல்லோரிடமும் தமிழ்நாட்டுக்குச் சாப்பிடப் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தனியாகவா என்றார்கள். தனியாகத்தான் என்றேன். அது பாதி உண்மை. மீதி என் கழுத்தில் இருந்தது, காதுக்குக் கீழே, கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. ஈப்போ மருத்துவமனையில் பத்து அடிக்கு ஒருவர் என்னிடம் வண்டி கற்றவராக இருப்பார், டீச்சர் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார், சாயங்காலத்துக்குள் வசந்திக்குத் தெரிந்துவிடும். அம்மாவையும் இப்படி ஒரு கட்டிக்குத்தான் பறிகொடுத்தோம். வசந்தி தாங்கமாட்டாள். அதனால் என்னை யாருக்கும் தெரியாத ஊர் வேண்டியிருந்தது. வேலூரில் நல்ல வைத்தியம் என்று எப்போதோ யாரோ சொன்னது ஞாபகம் இருந்தது, வந்துவிட்டேன்.

வந்த அன்றே கழுத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார் டாக்டரம்மா. அதுவரை என்ன செய்வது. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் எல்லோர் கையிலும் ஸ்கேன் உறை, எல்லோர் கண்ணிலும் ஒரே கேள்வி, அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ரயிலேறி ஆம்பூருக்குப் போய் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். ஊசி இறங்கின ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தால் போதும் என்று இருந்தது.

உண்மையைச் சொன்னால் அந்த நாட்கள் எனக்கு இனித்தன. மணிக்கணக்கை விற்றுப் பிழைக்கிறவளுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது சும்மா கிடைத்தால் எப்படி இருக்கும். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு நாடு, ஆனால் என் மொழி, இதைவிட வசதியாக ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. காற்று தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து அடிக்கும்போது மூக்கைச் சுளித்தேன், பிரியாணிக் கடைப் பக்கமிருந்து அடிக்கும்போது மன்னித்தேன். சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ்களிலிருந்து பெண்கள் இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை ஆட, சிரித்துக்கொண்டே கடைத்தெருவில் கலைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பசித்தால் சாப்பிட்டேன், பசிக்காவிட்டாலும் சாப்பிட்டேன்.

முதல் சந்தேகம் சாதிக் பாய் கடையில் வந்தது. நாலே மேசை, வாசலில் பெரிய செப்புத் தேக்சா, அதுதான் பிரியாணிப் பானை, மூடி மேல் தணல். பாய்க்கு அறுபது வயதிருக்கும். லுங்கி கட்டி, காலில் மட்டும் வெளிநாட்டுக்குப் போகிற தினுசு லெதர் ஷூ, பளபளவென்று. மச்சான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாராம், சின்னக் குறை இருந்து ஒதுக்கின ஜோடியாம். நான் படியேறியதும் தணலை ஒதுக்கி மூடியைத் திறந்தார்.

"வாங்கம்மா. நேத்து உக்காந்த எடத்துலயே உக்காருங்க, அங்கதான் ஃபேன் காத்து வரும்."

ஆளைத் தவறாக நினைத்துவிட்டார் என்று உட்கார்ந்தேன். நான் வாயைத் திறக்குமுன் தட்டு வந்துவிட்டது. கறி இல்லாத பிரியாணிச் சோறு, குஸ்கா. கத்திரிக்காய் தனிக் கிண்ணத்தில். வெங்காயப் பச்சடி இல்லை. நான் கேட்க நினைத்தது அதுதான், அப்படியே.

"வெங்காயம் உங்களுக்கு ஆவாதுல்ல," என்றார் பாய்.

"பாய், நான் நேத்து வரலையே."

"இன்னாம்மா காலங்காத்தால வெளையாட்டு," என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

முந்தின நாள் அந்த நேரத்தில் நான் வேலூரில் கழுத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தேன். வியாபாரத் தந்திரம் என்று முடிவுகட்டினேன். முதல் நாள் நடுங்கிக்கொண்டு வருகிற மாணவியிடம் நானும்தான் சொல்வேன், முன்னாலேயே ஓட்டிப் பழக்கமா, கை நன்றாக வருகிறதே என்று. புதியவரைப் பழகியவர் ஆக்கிவிட்டால் மறுநாளும் வருவார். வெங்காயம் மட்டும் எப்படி என்று யோசிக்கவில்லை, குஸ்கா அவ்வளவு நன்றாக இருந்தது. சீரகச் சம்பா, ஒன்றோடொன்று ஒட்டாமல், மிளகாய்ச் சிவப்பு விரலில் நிற்காமல். மெதுவாகச் சாப்பிட்டேன். மெதுவாகச் சாப்பிடத்தானே அத்தனை தூரம் வந்தது.

மறுநாள் ஜோலார்பேட்டை. போக வேண்டிய காரியம் எதுவும் இல்லை, ரயில் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். ஸ்டேஷனுக்கு வெளியே ரயில்வேக்காரர்கள் நின்று குடிக்கிற ஒரு டீக்கடை. ஏசுபாதம் என்று பெயர், கடைக்கும் அதே பெயர், அவருக்கும் அதே பெயர். நான் பெஞ்சில் உட்கார்ந்ததும் பால் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு,

"தே ஓ தானேக்கா?" என்றார்.

நீங்கள் மலேசியாக்காரராக இல்லாவிட்டால் இது உங்களுக்கு உறைக்காது. பாலில்லாத டீயை நாங்கள் அப்படிச் சொல்வோம். ஜோலார்பேட்டையில் அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. கட்டஞ்சாயா கேள்விப்பட்டிருக்கேன், சுலைமானி கேள்விப்பட்டிருக்கேன், தே ஓ இப்பத்தான். நம்ம லோகோ ஆளுங்க எல்லாம் காலைலருந்து தே ஓ, தே ஓன்னு பேஜார் பண்றாங்க."

பெஞ்சில் இருந்த ஒருவர், "மாஸ்டர், எனக்கும் ஒரு தே ஓ, பால் ஜாஸ்தியா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். முந்தின நாள் நான் ஆம்பூரைவிட்டு நகரவே இல்லை.

ஆம்பூருக்குத் திரும்பியதும் வசந்திக்குப் போன் போட்டேன்.

"என் பின்னால யாரையாவது அனுப்பி வச்சிருக்கியா?"

"அக்கா, பிரியாணி திங்கப் போன ஆளுக்குப் பின்னால எவ வருவா? எதுக்கு வரணும்?"

எதுக்கு என்று நான் சொல்ல முடியாது. போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் எல்லோர் மேலும் சந்தேகம். லாட்ஜ் மேனேஜர் எதற்குச் சிரிக்கிறார், ஆட்டோக்காரர் எதற்கு இரண்டு தடவை பார்க்கிறார். என்னைப் போல ஒருத்தியை அனுப்பி, ஊர் ஊராகப் பழக வைத்து, கடைசியில் ஏதோ செய்யப்போகிறார்கள். தனியாக வந்த வெளிநாட்டுப் பொம்பளை, வேறென்ன. அந்த எரிச்சலிலேயே கடைத்தெருவுக்குப் போய், ஏற்றுமதியில் கழித்த ஜோடிகள் விற்கிற கடையில் எனக்கு ஒரு லெதர் செருப்பு வாங்கினேன். என் பழைய செருப்பை வைத்து அடையாளம் காண்கிறார்கள் போல என்று நினைத்தேன். பயந்தவள் யோசிக்கிற யோசனை அப்படித்தான் இருக்கும்.

வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் இரண்டு பஸ் மாறி காவேரிப்பாக்கம் போனேன். பெரிய ஏரி. கரைமேல் மீன் வறுக்கிற கடைகள். பஸ்ஸிலிருந்து இறங்கியபிறகுதான் எந்தக் கடை என்பதையே முடிவுசெய்தேன், வேண்டுமென்றே கடைசிக் கடை. கன்னியம்மா என்கிறவள் அடுப்பில் ஜிலேபி மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மீனைத் திருப்பியபடியே கேட்டாள்.

"கால் புண்ணு ஆறிடுச்சாம்மா?"

"எந்தப் புண்ணு?"

"இதோ பாரு. செருப்பு கடிச்சிடுச்சின்னு நேத்து நொண்டிக்கினே வந்தியே, நான் மஞ்சத்தூள் வச்சி உட்டேனே. எடது குதிகால்ல. புதுச் செருப்ப வாங்கனா எண்ண தடவிப் போடணும், இது கூடவா தெரியாதுன்னு ஏசுனேன், அப்பவும் இதே மாதிரி முழிச்ச."

என் காலைப் பார்த்தேன். புதுச் செருப்பு, முந்தின சாயங்காலம் வாங்கியது, அன்று காலையில்தான் முதல்முறை போட்டது. புண் எதுவும் இல்லை. மீனைச் சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன். ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது இடது குதிகாலில் சுருக்கென்றது. செருப்பு வார் தோலை உரித்துவிட்டிருந்தது.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், எனக்கு அந்தச் சரிவில்தான் புரிந்தது. யாரும் என்னைப் பின்தொடரவில்லை. நான் வாழ்க்கை முழுக்கப் பின்கண்ணாடியைப் பார்த்துப் பழகியவள், என்னைப் போலவே இருக்கிற அவளோ எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். நான் நாளைக்குச் செய்யப்போவதை இன்றைக்கே செய்துவிட்டு, நான் நாளைக்குக் கேட்கப்போவதைக் கேட்டு, எனக்குப் படப்போகிற புண்ணைப் பட்டுக்கொண்டு, ஒரே ஒரு நாள் முன்னால்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அடுத்தது உறைத்தது. நாளை காலை எனக்கு ரிசல்ட். அப்படியானால் அவள் இன்றைக்கே வாங்கியிருப்பாள். நான் ஏரிக்கரையில் மீன் தின்றுகொண்டிருந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கும். அது தெரிந்ததும் எங்கே போயிருப்பாள். நான் எங்கே போவேனோ அங்கே. நல்லதோ கெட்டதோ, நான் சாதிக் பாய் கடைக்குத்தான் போவேன்.

வெள்ளிக்கிழமை தணல் ஒதுக்குகிற சத்தம் கேட்கும்போது நான் கடைப்படியில் நின்றிருந்தேன். பாய் என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். இந்தமுறை சிரிக்கவில்லை.

"உடம்பு இப்ப பரவால்லயாம்மா?"

"நேத்து நான் எப்ப வந்தேன், பாய்?"

"மத்தியானம் வந்தீங்க. வேலூர்லருந்து வர்றேன்னீங்க. குஸ்கா வச்சேன், அதே மாதிரி. ஒரு வாய் சாப்டல."

"அழுதேனா?"

"இல்லம்மா. அழுதிருந்தா நானே பேச்சு குடுத்திருப்பேன். சும்மா பிளேட்டப் பாத்துக்கினே இருந்தீங்க. அப்றம் எழுந்துட்டீங்க."

குளிர்ப்பெட்டியைத் திறந்து, இன்னொரு தட்டால் மூடிய ஒரு தட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "சாப்பிட உக்காந்து எழுந்தவங்க பிளேட்ட நாங்க கொட்டமாட்டோம். அது அல்லா அவங்களுக்குன்னு எழுதின சோறு. மறுநாள் வரைக்கும் வச்சிருப்போம், திரும்பி வந்தா அவங்களுக்கு. எங்கப்பா காலத்துலருந்து இப்டித்தான். சூடு பண்ணித் தரட்டா?"

மூடியை எடுத்தார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சோறு எதுவாக இருந்தாலும் முதலில் நடுவில் கட்டைவிரலால் ஒரு சின்னக் குழி போடுவேன், குழம்பு அதில்தான் விழவேண்டும். அம்மா திட்டித் திட்டி ஓய்ந்த பழக்கம். அந்தக் குஸ்காவின் நடுவில் குழி இருந்தது. கத்திரிக்காய் ஊற்றப்படாமல், காய்ந்து, சின்னதாக. என் விரலை அதில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"உங்களுதுதாம்மா. சாப்டுங்க."

"என்னுது இல்ல, பாய்."

"உங்க கண்ணு முன்னாடி..."

"என்னுது இல்ல."

அதை ஒரு வாய் சாப்பிட்டால் அவளுக்குச் சொல்லப்பட்டது எனக்கும் சொல்லப்பட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. எங்கிருந்து தோன்றியது என்று கேட்காதீர்கள். பாய் தட்டை மறுபடி மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். நான் ரயிலுக்கு நடந்தேன், இடது காலை நொண்டிக்கொண்டு.

வேலூரில் காத்திருந்த அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த மாதிரி அறைகளில் இருந்தவர்களுக்குத் தெரியும், இருக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. அழைத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சாதாரணக் கட்டிதாங்க. பயப்பட ஒண்ணுமில்ல, ஊருக்குப் போங்க," என்றார். நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னார். அப்புறம் கேட்டேன்.

"நேத்து என் பேர்ல யாராவது வந்து ரிசல்ட் கேட்டாங்களா?"

"ரிசல்ட் லேப்லருந்து வந்ததே இன்னிக்கு காலைலதானேம்மா. நேத்து வந்திருந்தாலும் எங்களால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது."

அப்படியானால் அவளுக்கு யார் என்ன சொன்னார்கள்.

நேராகச் சென்னைக்குப் போயிருக்கலாம். மறுநாள் விமானம். ஆனால் பசித்தது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் பயமில்லாத பசி, காது அடைக்கிற பசி. ஆம்பூரில் இறங்கி, பாய் கடையில் அதே இடத்தில் உட்கார்ந்து, சுடச்சுட ஒரு தட்டு குஸ்கா, அப்புறம் கறியோடு இன்னொரு தட்டு. குழி போட்டேன், கத்திரிக்காயை ஊற்றினேன், வழித்துச் சாப்பிட்டேன். அதுவரை ஒவ்வொன்றிலும் அவள் செய்ததையே நான் செய்திருந்தேன். இங்கேதான் முதல்முறை மாறியது. அவள் சாப்பிடவில்லை, நான் சாப்பிட்டேன். இரண்டாவது தட்டின் நடுவில் அது தோன்றி, ஒரு கணம் மெல்வது நின்றது. எனக்கு வந்த நல்ல சேதி என்னுடையதுதானா, அல்லது முன்னால் போனவள் கெட்டதை எடுத்துக்கொண்டு போனதால் மிச்சமானதா. பசி வென்றது. மிச்சத்தையும் சாப்பிட்டேன்.

ஊருக்கு வந்தபிறகு ஒரு விஷயம் கவனிக்கிறேன், இதை வசந்தியிடம்கூடச் சொல்லவில்லை. தைப்பிங்கோ பினாங்கோ, எந்த ஊரில் எந்தப் புதுக் கடைக்குப் போனாலும் முதலில் பரிமாறுகிறவர் முகத்தைப் பார்க்கிறேன். என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். எல்லோரும் கேட்கிறார்கள். வெங்காயம் வைத்துவிடுகிறார்கள். எனக்கு முன்னால் யாரும் வந்துபோகவில்லை. அன்றைக்கு ஊரெல்லாம் என்னைத் தெரியும் என்றது பயமாக இருந்தது, இன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. அதற்குக் காரணம் அந்த வெள்ளிக்கிழமை பாய் கடையில் கைகழுவிவிட்டுக் கிளம்பும்போது நடந்த பேச்சு.

பாய் குளிர்ப்பெட்டியைக் காட்டினார்.

"அத இன்னாம்மா பண்றது? இன்னிக்குத் தாண்டி வைக்கக்கூடாது."

"இருக்கட்டும் பாய். சாயங்காலம் வரைக்கும் பாருங்க. வந்தா குடுங்க."

"அவங்க எங்கம்மா வரப்போறாங்க."

அதுவரை 'நேத்து நீங்க, நேத்து நீங்க' என்றே சொல்லிவந்தவர். முதல்முறையாக 'அவங்க' என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் தன் பளபளக்கிற ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாய் அப்படிச் சொல்றீங்க?"

"எழவு வூட்டுலருந்து கெளம்பும்போது வர்றேன்னு சொல்லமாட்டோம், பேசாம வந்துடுவோம். ஆனா போறேன்னு யாரும் வாயத் தொறந்து சொல்றதில்லம்மா, எந்த வூட்டுலயும். நேத்து அவங்க இந்தப் படியில நின்னு என்னப் பாத்து, 'போறேன் பாய்'னாங்க. நீங்களாவது வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க."